மாரி முடிஞ்ச வளவு: எதைச் செருக்கிறது, எதைச் சட்டியில போடுறது?

#1 மணல்முற்றம் (தம்பிலுவில்)

எல்லாருக்கும் வணக்கம். மழை ஓய்ந்து வளவு காயத் தொடங்கிட்டுது. இருபது பேர்ச் காணி, கடற்கரை மணல், நாலு தென்னை, ஒரு கிணறு. மார்கழித் தண்ணி வடிஞ்ச இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பூண்டும் கொடியும் நிக்குது. கூலிக்கு ஆள் பிடிச்சு முழுக்கச் செருக்கி எரிச்சிட்டு மரக்கறி போடலாம் எண்டு வீட்டில சொல்றாங்க. ஆனா அதுக்குள்ள சாரணை, பொன்னாங்காணி, முசுட்டை மாதிரியும் தெரியுது. எதை விடலாம், எதை எடுக்கணும்? சாப்பிடக்கூடியதை எப்படி உறுதியா அடையாளம் காணுறது? கச்சான் காத்து (மேற்கால வாற சூட்டுக்காத்து) எழும்ப முன்னம் எது கைக்கு வரும்? கிணத்துத் தண்ணி மாரியில நல்லம், ஆனி ஆடியில சவர்.

#2 வரம்போரம் (கொக்கட்டிச்சோலை)

தம்பி, எரிக்கிற யோசனையை விடுங்க. மாரி மழை மணலுக்குள்ளால கழுவிக்கொண்டு போற தழைச்சத்தில ஒரு பங்கை இந்தப் பூண்டுகள்தான் மறிச்சு இலையில வச்சிருக்கு. எரிச்சா அது புகையாப் போயிரும், மிஞ்சிறது சாம்பல்தான். பூக்க முன்னம் பிடுங்கி அதே இடத்தில மூடாக்காப் போட்டா மண்ணுக்கே திரும்பும். விதை கொட்டின பிறகு பிடுங்கினீங்க எண்டா அடுத்த மாரிக்கு இதை விடக் கூடுதலா முளைக்கும். அதால தை கடைசியிலயிருந்து மாசி நடுப்பகுதிக்குள்ள பிரிக்கிற வேலையை முடிச்சிரணும். கறிக்கு ஆனதுக்குப் பக்கத்தில ஒரு ஈர்க்குக் குத்திக்கொண்டு போங்க, பிறகு மண்வெட்டியோட வாறவருக்குக் குழப்பம் வராது.

சாரணை தரையோட படரும். கணுவில ரெண்டு இலை எதிரெதிரா இருக்கும், ஆனா ஒண்டு பெரிசு, மற்றது அதில பாதிதான். பூ வெளியில நீட்டாது; இலைக்காம்பு தண்டோட சேருற மடிப்புக்குள்ள ஒளிச்சிருக்கும், வெள்ளை இல்லாட்டி இளஞ்சிவப்பு. தரைப்பசளிக்குத் தண்டு வழவழப்பான சிவப்பு, பூ மஞ்சள், கொப்பு நுனியில இருக்கும். இந்த ரெண்டோடயும் அம்மான்பச்சரிசியும் சித்திரப்பாலாடையும் கலந்து நிக்கும். சந்தேகமா, தண்டை முறிச்சுப் பாருங்க. தரையில படருற இந்தக் கூட்டத்தில வெள்ளைப் பால் வந்தா அது கறிக்கீரை இல்லை.

பொன்னாங்காணிக்குப் பூவைப் பாருங்க. சின்ன வெள்ளை உருண்டை, காம்பே இல்லாம இலை இடுக்கில ஒட்டிக்கொண்டு இருக்கும். அதே போல இலை, அதே போல வெள்ளைப் பூ, ஆனா பூவுக்கு ரெண்டு மூணு விரல்கடை நீளத்தில காம்பு, தண்டு உள்ளே குழல் எண்டா அது வேற. முதலைக்களை எண்டு சொல்ற அந்நியப் பூண்டு. வாய்க்கால், குளம் எண்டு எல்லாத்தையும் மூடிரும். ஒரு துண்டையும் வளவில விடாதீங்க. வெயிலில நல்லாக் காயவச்ச பிறகுதான் எருக்குழிக்குள்ள போடணும்.

முசுட்டை வேலிக்கொடி. இலை இதய வடிவம், மேல்பக்கம் கடும்பச்சை, கீழ்ப்பக்கம் பட்டுப்போல வெள்ளி மயிர். விரலால தடவினா ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் உடனே தெரியும். சமுத்திரப்பச்சைக்கும் அடிப்பக்கம் வெள்ளிதான், ஆனா அதின்ட இலை முத்தினா ஒரு சாணுக்கு வரும், கொடியும் விரல் மொத்தம். அதைக் கறிக்கு எடுக்கிறதில்லை.

தகரையை பூக்க முன்னம் மட்டும் எடுங்க. ஒரு காம்பில மூணு சோடி இலை, நுனி வட்டம். நாலுக்கு மேல சோடி இருந்து நுனி கூரா, கசக்கினா துர்நாத்தம் அடிச்சா அது பேயாவரை. அதின்ட விதையைத் திண்டு பிள்ளைகள் செத்திருக்கு, இந்தியாவில பதிவாகியிருக்கு. பிள்ளைகள் விளையாடுற வளவில அதைக் காய்க்க விடாதீங்க.

வல்லாரை மணலில தானா வாறது குறைவு, கிணத்தடி ஈரத்தில பாருங்க. வெட்டின விளிம்போட சிறுநீரக வடிவ இலை. கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும். கசக்கி மணந்தா கரட் இலை மணக்கும். எலிச்செவிக்கு அந்த மணம் இல்லை.

#3 கிணற்றடி (அட்டாளைச்சேனை)

மகன், வரம்போரம் அண்ணன் சொன்னதோட சமையல் பக்கத்தையும் சேர்த்துக்கங்க, இலை சரியா இருந்தும் ஆக்கத் தெரியாம வீணாப்போறதுதான் கூட.

சாரணையிலயும் தரைப்பசளியிலயும் ஒக்சலேட் (சிறுநீரகத்தில கல்லாப் படியக்கூடிய உப்பு) கூட. அதால சுண்டலுக்குப் போட முன்னம் கொதிச்ச தண்ணியில ரெண்டு மூணு நிமிசம் போட்டெடுத்து, அந்தத் தண்ணியை ஊத்திரணும். அதை ஆணத்துக்கு எடுக்கப்படாது. சிறுநீரகத்தில கல்லு உள்ளவங்களுக்கு, சிறுநீரகம் பழுதாகி மருந்தெடுக்கிறவங்களுக்கு இந்த ரெண்டையும், புளியாரையையும் குடுக்காதீங்க.

முசுட்டைக்கும் குறிஞ்சாவுக்கும் வெட்டுறதிலதான் எல்லாம் இரிக்கி. இலைகளை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி, சுருட்டு மாதிரி இறுக்கிச் சுத்தி, நூல் போல அரியணும். மொத்தமா அரிஞ்சா குறிஞ்சாவின்ட கசப்பு வாயில நிக்கும். நாலு பேருக்கு அரிஞ்ச இலை ரெண்டு கை நிறைய, அரைத் தேங்காய்ப் பூ, சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் மூணு, மாசித்தூள் (மாசிக் கருவாட்டுத்தூள்) ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு. சட்டி நல்லாச் சூடான பிறகு வெங்காயமும் மிளகாயும் ஒரு கரண்டி எண்ணெயில வதங்கட்டும், அதுக்குப் பிறகு இலை. தண்ணி தெளிக்க வேண்டாம், கழுவின ஈரமே காணும். மூடாதீங்க. இலை சுருண்டு நிறம் கடுமையான உடனே தேங்காய்ப்பூவும் மாசியும் போட்டு ரெண்டு பிரட்டு, இறக்கிருங்க. தேசிப்புளி அடுப்பால இறக்கி ஆறின பிறகுதான். சூட்டோட புளி விட்டா பச்சை போய் மண்ணிறமாகிரும், சுவையும் கெட்டிரும்.

சீனி வருத்தத்துக்குக் குறிஞ்சாவும் கொவ்வை இலையும் நல்லம் எண்டு மாத்திரையை விட்டிட்டு இலையை மட்டும் நம்பாதீங்க. இரத்தம் உறையாம இருக்க வார்பரின் குடிக்கிறவங்க இலைக்கறியை நிப்பாட்டவும் வேண்டாம், திடீரெண்டு கூட்டவும் வேண்டாம். கிழமைக்குக் கிழமை ஒரே அளவில தின்னுங்க. இலையில உள்ள விற்றமின் கே அந்த மருந்துக்கு எதிரா வேலை செய்யும்.

#4 மணல்முற்றம்

நன்றி அண்ணன், நன்றி ராத்தா. ஈர்க்குக் குத்தத் தொடங்கிட்டன். வேலிக்கரையில காஞ்சு போன கொடி ஒண்டுக்குக் கீழ கொத்தும்போது வெளிறின கிழங்கு ஒண்டு வந்துது. விரல் மொத்தம், நடுவில முழங்கை மடக்கின மாதிரி வளைவு. வள்ளிக்கிழங்கா இருக்குமோ?

#5 வரம்போரம்

தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. அது பெரும்பாலும் கார்த்திகைக் கிழங்கு. மழையோட முளைச்சு, கார்த்திகையில மஞ்சளும் சிவப்புமாப் பூத்து, இப்ப கொடி காஞ்சு கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள இருக்கிற காலம். கலப்பை போல வளைஞ்சிருக்கிறதுதான் அடையாளம். கொடி பச்சையா இருக்கக்குள்ள இலையின்ட நுனியைப் பாத்தா இன்னும் தெளிவு. நுனி நீண்டு சுருண்டு, பக்கத்துக் கொப்பைப் பத்திப் பிடிச்சிருக்கும். வள்ளிக் கொடிக்கு இலை நுனியில அந்தச் சுருள் இல்லை.

அதில உள்ள கொல்கிசின் அவிச்சாலும் போகாது. திண்ட உடனே ஒண்டும் தெரியாது. சில மணித்தியாலம் கழிச்சு வாந்தி, வயித்தோட்டம் தொடங்கும், பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொண்டாப் பாதிக்கும். மாற்று மருந்து இல்லை. யாராவது திண்டது தெரிஞ்சா வாந்திக்குக் காத்திருக்காம 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் எடுங்க, கிழங்கின்ட துண்டையும் கையோட கொண்டு போங்க.

காட்டுக் கிழங்கு எதையும் காஞ்ச கொடியை வச்சு முடிவெடுக்காதீங்க. இலையும் பூவும் கண்ட செடிக்குக் கீழ கிண்டினதுதான் கிழங்கு.

#6 நாற்றுமேடை (களுவாஞ்சிக்குடி)

முன்னைய பதிவுகளில் ஒன்றுடன் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காட்டுக்கீரையை அப்படியே விட்டுப் பக்கத்திலேயே மிளகாய், கத்தரி நடுவது மணல் மண்ணில் ஆபத்து. காரணம் வேர்முடிச்சு நூற்புழு. மணலில் அது இலகுவாக நகரும், களியில் அவ்வளவு பெருகாது. தரைப்பசளி, குப்பைக்கீரை போன்றவை அதற்கு நல்ல விருந்துவழங்கிப் பயிர்கள். மேலே செடி செழிப்பாக நிற்கும், கீழே வேரில் புழு பெருகியிருக்கும். அந்த இடத்தில் நட்ட மிளகாய் பகலில் வாடி இரவில் நிமிரும், உரம் போட்டாலும் மஞ்சளிக்கும், பூ உதிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்.

நடுவதற்கு முன் செய்ய வேண்டியது: வளவின் நான்கைந்து இடங்களில் இரண்டு வகைப் பூண்டுகளையாவது வேரோடு மெதுவாகக் கிளப்பி, வாளித் தண்ணீரில் ஆட்டிக் கழுவிப் பாருங்கள். வேரிலேயே வீங்கின முடிச்சு, உருவினாலும் கழராதது என்றால் அது நூற்புழு. பக்கத்தில் ஒட்டியிருந்து நகத்தால் தட்டினால் விழுகிற உருண்டை பயற்றை இனத்து வேரில் தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு, அது நல்லது. நூற்புழு உள்ள மூலையில் இந்தப் போகம் மிளகாய், கத்தரி, வெண்டி, தக்காளி, பூசணி எதுவும் வேண்டாம். செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு இரண்டு மாதமாவது நிற்கவிட்டு, பிறகு அங்கேயே வெட்டிப் புதையுங்கள். இடைக்கிடை நாலு செண்டுமல்லி நட்டால் பிரயோசனமில்லை, முழுப் பாத்தியிலும் நிற்க வேண்டும்.

இன்னொன்று துத்தி. அது வெண்டியின் இனம். வெள்ளை ஈ அதில் தங்கியிருந்து வெண்டிக்கு மஞ்சள் நரம்பு வைரசைக் கொண்டுவரும். வெண்டிப் பாத்தியைச் சுற்றித் துத்தியை விடவே வேண்டாம்.

#7 வரம்போரம்

நாற்றுமேடை ஐயா சொல்ற நூற்புழு விசயம் சரிதான், வேரைக் கழுவிப் பாக்கிறதை எல்லாரும் செய்யணும். ஆனா அதுக்காக முழுக்கச் செருக்கத் தேவையில்லை. காட்டுக்கீரைக்கு ஒரு பக்கம், நடுற பயிருக்கு ஒரு பக்கம் எண்டு வளவைப் பிரிச்சா ரெண்டும் நடக்கும். முசுட்டை, கொவ்வை, குறிஞ்சா, தூதுவளை நாலும் வேலியிலயே இருக்கட்டும். அதுகளுக்குத் தண்ணி வேண்டாம், ஆடி மாசத்திலயும் இலை குடுக்கும். பொன்னாங்காணியும் வல்லாரையும் கிணத்தடிக்குப் போகட்டும், குளிக்கிற தண்ணி வடியிற பக்கமா இல்லாம மற்றப் பக்கமா. சவர்க்காரத் தண்ணியில வளர்ந்த வல்லாரையைப் பச்சையாச் சம்பல் போடுறது நல்லதில்லை.

வேலிக்கொடியளை இப்ப ஒருக்கா இடுப்பு உயரத்துக்கு வெட்டி விடுங்க, பங்குனி பிறக்கக்குள்ள புதுக்கொழுந்து வரும். பிறகு நுனியிலயிருந்து நாலு இலைக்கு மேல கிள்ளாதீங்க.

#8 நாற்றுமேடை

அப்படிப் பிரித்தால் எனக்கும் சம்மதம். இனிப் பாத்தி விசயம்.

மாரியில் மேட்டுப்பாத்தி சரி. இப்போது மணலில் மேட்டுப்பாத்தி போட்டால் நான்கு பக்கத்தாலும் காய்ந்துவிடும். பள்ளப்பாத்தி போடுங்கள்: மூன்று அடி அகலம், தேவையான நீளம், சுற்றியுள்ள நிலத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்வாக. முதலில் ஓரடி ஆழத்துக்கு மண்ணை அகற்றி, அடியில் பழைய பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்கிறபடி ஒரு வரிசை அடுக்குங்கள். மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், உக்கும்போது பொட்டாசியமும் தரும். அதற்கு மேல் பிடுங்கிய பூண்டும் கிளிரிசீடியா இலையும் அரையடி, அதற்கு மேல் எடுத்த மண்ணோடு கலந்த கூட்டெரு. சதுர மீற்றருக்கு ஐந்து கிலோ மக்கிய எரு என்றால் நல்ல அளவு. பச்சை இலை புதைத்த பாத்தியில் இரண்டு கிழமை பொறுத்துத்தான் நடவேண்டும். உடனே நட்டால் உக்கும் சூடும் வாயுவும் இளம் வேரைக் கெடுக்கும். கோழி எருவாக இருந்தால் அளவைப் பாதியாக்கி, மூன்று கிழமை நனைத்து ஆறவிட்டு இடுங்கள், அதில் உப்பும் அமோனியாவும் கூட.

கீரை விதையைப் பத்துப் பங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே அரைச் சென்ரிமீற்றர் மண் மட்டும் போதும். ஆழமாகப் போனால் முளைக்காது. பூவாளியால் தண்ணீர், வாளியால் அல்ல.

பயற்றையை மூன்றடி இடைவெளியில் வரிசை, வரிசைக்குள் ஒரு அடி, குழிக்கு இரண்டு விதை. விதைத்த அன்றே வைக்கோல் மூடாக்குப் போட்டால் அவரை ஈயின் தாக்கம் குறையும். அந்த ஈயின் புழு தண்டுக்குள்ளால் அடிக்கு இறங்கும்; நாற்று இரண்டு மூன்று இலையோடு மஞ்சளித்து, தண்டின் அடி வீங்கி வெடித்துச் சாகும். முளைத்து இரண்டு கிழமையில் தண்டைச் சுற்றி மண் அணைத்தால் வெடிப்புக்கு மேலிருந்து புது வேர் விட்டுச் சில நாற்றுகள் தப்பும்.

மிளகாய் நாற்றுக்கு இப்போதே மேடை போடுங்கள். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் மாறி மாறி நான்கைந்து அங்குலம் பரப்பி, காற்றுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கொளுத்தி மெதுவாக எரியவிடுவது நாற்றழுகலைக் குறைக்கும் பழைய முறை, இன்றும் பயன்தருகிறது. வளவை எரிப்பது வேறு, மூன்றடி மேடையைச் சுடுவது வேறு. சாம்பலைக் கொத்திக் கலந்து, நனைத்து, மறுநாள் விதைக்கலாம். நான்கு ஐந்து கிழமையில் நடலாம்.

#9 வாவியோரம் (ஏறாவூர்)

மூடாக்குக்கு இலை காணாட்டி ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) எடுங்க. உப்பு இருக்கும் எண்டு சில பேர் பயப்படுவாங்க. ஆற்றுவாழை உப்புத் தண்ணியில உயிர்வாழாது, அதால அது பச்சையா நிக்கிற குளத்துத் தண்ணி நன்னீர்தான். பயப்பட வேண்டியது வேற விசயத்துக்கு: பட்டணத்து வடிகான் வந்து விழுற இடத்தில நிக்கிறதை எடுக்காதீங்க, அழுக்கில உள்ள உலோகங்களை அது நல்லா உறிஞ்சி வச்சிருக்கும். வேரை வெட்டி எறிஞ்சிட்டு, தண்டையும் இலையையும் சீமெந்துத் தரையிலயோ தார்ப்பாயிலயோ நல்லாக் காயவச்சு எடுங்க. ஈரத்தோட போட்டா கிணத்தடியில திரும்பவும் தழைச்சிரும். காஞ்ச மூடாக்குக்குக் கறையான் வரும், அதால தென்னை அடியோட ஒட்டிப் போடாம ஒரு முழம் விட்டுப் போடுங்க.

அதே காரணத்தாலதான் கங்குங், நீர்முள்ளி, ஆரை எல்லாம் எங்க பிடுங்குறது எண்டது முக்கியம். வயல் வரம்பில ஆரை நல்லா வரும், ஆனா வரம்புக்குக் களைநாசினி அடிக்கிற காலம் தெரியாமப் போகக்கூடாது. அடிச்ச அடையாளம்: அகன்ற இலைப் பூண்டுகளின்ட தண்டு முறுக்கிக்கொண்டு நிக்கும், இலைக் காம்பு கீழ்நோக்கி வளைஞ்சிருக்கும், புல்லு மட்டும் ஒண்டும் ஆகாம நிக்கும். இல்லாட்டி எல்லாமே ஒரே மாதிரி மஞ்சளிச்சு நிக்கும். வயல்காரர்ட்டக் கேளுங்க, அது ஒரு வார்த்தைதானே. சிறுபோகத்துக்கு உழவு தொடங்கினா வரம்புக்கீரையை விட்டிருங்க.

தண்ணிக்கீரையைப் பச்சையாத் தின்னாதீங்க. மாடு மேயிற குளத்தில ஈரல் தட்டைப்புழுவின்ட முட்டையில இருந்து வாற குஞ்சு நத்தைக்குள்ளால போய் இலையில ஒட்டும். கழுவினாப் போகாது, கொதிச்சாத்தான் சாகும். சேத்துக்குள்ள இறங்கிறவங்க காலில புண்ணோட இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வயல் சேத்தாலதான் கூடப் பரவுது. அறுவடைக் காலத்தில பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டா தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்லுவார். குளத்தில முதலை இருக்கிறதை நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. கொட்டிக்கிழங்குக்கும் தாமரைக்கிழங்குக்கும் இது காலமும் இல்லை. குளம் வத்தி அடி தெரியிற ஆடி ஆவணியில பாருங்க.

#10 வேலிக்கதியால் (மெல்பேர்ண், சொந்த ஊர் ஆரையம்பதி)

முதலைக்களை பற்றி வரம்போரம் அண்ணன் எழுதினதுக்கு ஒரு துணைத் தகவல். இங்க அவுஸ்திரேலியாவில 1990களில, இலங்கையர் வீட்டுத் தோட்டங்களில பொன்னாங்காணி எண்டு வளர்த்தது உண்மையில முதலைக்களை எண்டு கண்டுபிடிச்சாங்க. அது தடைசெய்யப்பட்ட களை; அதுக்குப் பதிலா வேற கீரையை வளர்க்கச் சொல்லி அரசாங்கமே ஆக்களை வச்சு விளக்கப்படுத்தினது. பூவுக்குக் காம்பு இருக்கா இல்லையா எண்ட அந்த ஒரு அடையாளம் அவ்வளவு பெறுமதியானது. வெளிநாட்டில இருக்கிறவங்க தண்டு வாங்கி நட முன்னம் பூக்கவிட்டுப் பாருங்க.

#11 மணல்முற்றம்

வேரைக் கழுவிப் பாத்தன். தென்னைக்குக் கீழ உள்ள மூலையில முடிச்சு இருக்கு, மற்ற இடங்களில இல்லை. அந்த மூலைக்குச் செண்டுமல்லி போடுறன். இனித் தண்ணிக் கணக்கைச் சொல்லுங்க. எவ்வளவு, எப்ப? சவர் ஏற ஏற எதை நம்பலாம்?

#12 நாற்றுமேடை

அளவு இலகு. ஒரு மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். பங்குனி, சித்திரை வெயிலுக்கு மூடிய பயிர் நாளைக்கு ஐந்து ஆறு மில்லிமீற்றர் இழுக்கும். ஆகவே சதுர மீற்றருக்கு ஐந்து முதல் ஆறு லீற்றர், காலையும் மாலையும் பாதி பாதியாக. மணல் ஒரே தடவையில் அவ்வளவையும் பிடித்து வைத்திருக்காது, வேருக்குக் கீழே இறங்கிவிடும், போட்ட சத்தையும் கூடவே கொண்டுபோகும். மூடாக்குப் போட்ட பாத்திக்கு இதில் நாலில் ஒரு பங்கு குறைக்கலாம்.

சவர் விசயம் கவனமாகப் பாருங்கள். கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டரை நீண்ட நேரம் ஓட்டினால் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலே ஏறும். ஒரு தரம் ஏறினால் இறங்க அடுத்த மாரி வரை எடுக்கலாம். ஒரே ஓட்டமாக இல்லாமல் காலை சிறிது, மாலை சிறிது என்று இறையுங்கள்.

நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறனைச் சிறிய மீற்றரால் அளக்கலாம். விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை, பாசன நீரில், மீற்றருக்கு டெசிசீமன் கணக்கில்: போஞ்சி 0.7, வெங்காயம் 0.8, மிளகாய் 1.0, தக்காளி 1.7, பீட்ரூட் 2.7, கௌபி 3.3. பயற்றையும் கௌபியும் ஒரே இனம்தான். மீற்றர் பிபிஎம்மில் காட்டினால் 640ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் காணிக்கு மிளகாய் இப்போதே, கிணறு நன்றாக இருக்கும்போதே பிடித்து வளர வேண்டும். வெங்காயத்தை இந்தப் போகம் விடுங்கள். ஆனிக்குப் பிறகு பயற்றை, கௌபி மட்டும் நம்பலாம். சவர் நீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள், இலை நுனி கருகுவது அதனால்தான்.

கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக, காய்ந்து வரும். வளவின் மேற்குப் பக்கத்தில் சோளன் மூன்று வரிசை இப்போதே போட்டால் வைகாசிக்கு ஆள் உயரம் நிற்கும். நாற்றுக்கு மேற்குப் பக்கமாகக் கிடுகைச் சரித்துக் குத்துங்கள். நேரே நிறுத்தினால் காற்று மேலால் வந்து பின்பக்கம் சுழன்று அடிக்கும்.

மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. வேப்பங்கொட்டைக் கரைசல் முதலாவதுக்கு நன்று: உடைத்த பருப்பு 500 கிராம், தண்ணீர் 10 லீற்றர், இரவு முழுக்க ஊறவிட்டு வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படத் தெளிக்கவும். வெயிலில் தெளித்தால் அதன் வீரியம் போய்விடும். சிற்றுண்ணிக்குக் கந்தகம்தான் சரி.

#13 கிணற்றடி

தண்ணிக் கணக்கு முடிஞ்சா இலைக்கஞ்சியையும் எழுதிருறன், பிரிச்சு எடுத்த இலையெல்லாம் ஒரே நாளில சுண்டலாக்க ஏலாது.

சிவப்புப் பச்சரிசி ஒரு சுண்டு கழுவி, ஆறு சுண்டு தண்ணியில, உள்ளி ஏழெட்டுப் பல்லும் இஞ்சித் துண்டும் போட்டுக் குழைய அவியட்டும். இலை ரெண்டு கை நிறைய: வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டைக் கொழுந்து, கிடைச்சா முடக்கொத்தான். கசப்பான குறிஞ்சாவை இதில நாலு இலைக்கு மேல போடாதீங்க. கழுவி, கொஞ்சத் தண்ணி விட்டு அரைச்சுப் பிழிஞ்சு சாறெடுங்க. அரிசி கரைஞ்ச பிறகு தேங்காய்ப்பால், மிளகுத்தூள், உப்பு. கடைசியா இலைச்சாறு. விட்ட பிறகு ஒரு கொதி, அவ்வளவுதான். கூடக் கொதிச்சா பச்சை மணமும் போகும், பால் திரிஞ்சும் போகும். சாரணையை இதுக்கு எடுக்க வேண்டாம், சாறு பிழியிறபோது ஒக்சலேட் அப்படியே கஞ்சிக்குள்ள வந்திரும்.

#14 மணல்முற்றம்

ராத்தா, இண்டைக்கே செய்து பாக்கிறம். பள்ளப்பாத்தி ரெண்டு வெட்டி மட்டை அடுக்கியாச்சு. கீரை விதைக்கத்தான் யோசனை: இந்த வளவில சிவப்பெறும்பு கூட, தூவின விதையைக் காவிக்கொண்டு போயிரும். மருந்து போட விருப்பமில்லை.

#15 வரம்போரம்

மருந்து வேண்டாம் தம்பி. விதைக்கிற அண்டைக்குப் பாத்தியைச் சுத்தி ஒரு சாண் தள்ளி அரிசிக்குறுணையை வரிசையாத் தூவிவிடுங்க. எறும்புக்கு அது பெரிய இரை, விதையைத் தேடி உள்ள வராது. கீரை மூணு நாலு நாளில முளைச்சிரும், அதுவரைக்கும் பின்னேரத்தில பாத்துக் குறைஞ்ச இடத்துக்குத் திரும்பத் தூவுங்க. பாத்திக்கு மேல ஒரு படை வைக்கோல் மெல்லிசாப் போட்டு, முளை தெரிஞ்ச அண்டைக்குப் பின்னேரம் எடுத்திருங்க. காலையில எடுத்தா வெயில் பட்டு நாத்து சுருண்டிரும்.